அரசாங்கமே காசு கொடுத்துத் துப்பாக்கி வாங்கினால் நம்பலாமா?

வாசகர் கேள்வி, 7 நவம்பர் 2025

"கனடாவில் இருக்கும் என் மச்சான் மான் வேட்டைக்குப் போகிறவர். லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கிறார். அரசாங்கம் தடை செய்த ரகங்களைப் பணம் கொடுத்துத் திருப்பி வாங்கப் போகிறதாம். 'கொள்ளைக்காரன் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டான், நான்தான் கொடுப்பேன். என் வரிப்பணத்தை எனக்கே கொடுத்து என் சாமானை எடுத்துக்கொள்வார்கள்' என்கிறார். இது கண்துடைப்புதானே? நம்ம மலேசியாவில் இப்படி ஒன்று வந்தால் ஜனங்கள் நம்புவார்களா?"

8 நவம்பர், காலை

தம்பி, உங்க மச்சான் சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஒரே பேரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. அதைப் பிரிக்காமல் பேசினால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

ஒன்று ஆஸ்திரேலியா செய்தது. 1996 ஏப்ரல் 28, டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர். ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். மே 10க்குள் மத்திய அரசும் எல்லா மாநிலங்களும் ஒரே சட்டத்துக்கு ஒத்துக்கொண்டன. விசையை அழுத்த அழுத்தத் தானே அடுத்த தோட்டா ஏறும் ரகங்களைப் பெரும்பாலும் தடை செய்தார்கள். மற்றதெல்லாம் பதிவாக வேண்டும். துப்பாக்கி எதற்கு என்று காரணம் காட்ட வேண்டும், தற்காப்புக்கு என்று சொன்னால் செல்லாது. இவ்வளவும் முடிவான பிறகுதான் பணம் வந்தது. மெடிகேர் என்கிற மருத்துவ வரியை ஒரு வருஷத்துக்கு மட்டும் 0.2 சதவீதம் ஏற்றி அந்தப் பணத்தில் சுமார் 650,000 துப்பாக்கிகளை வாங்கி உடைத்தார்கள்.

இன்னொன்று அமெரிக்க நகரங்களில் நடப்பது. ஒரு சனிக்கிழமை மேசை போட்டு உட்காருவார்கள். துப்பாக்கி கொண்டு வந்தவருக்குக் கடைப் பரிசு அட்டை. சட்டத்தில் ஒரு வரி மாறியிருக்காது. கொடுத்தவர் திங்கட்கிழமை கடைக்குப் போய் வேறொன்று வாங்கலாம். இந்த இரண்டாவது வகையால் சுடும் குற்றம் குறைந்ததாக ஆராய்ச்சிக்காரர்கள் தேடித் தேடிப் பார்த்தும் சான்று கிடைக்கவில்லை.

கனடா நடுவில் நிற்கிறது. 2020 மே மாதம் சுமார் 1,500 ரகங்களைத் தடை செய்தார்கள். தடை வந்து ஐந்து வருஷம் கழித்து 2025இல்தான் கேப் பிரெட்டன் தீவில் திருப்பி வாங்குவதற்கு ஒரு முன்னோட்டம். இவ்வளவு இழுத்தால் யாருக்குத்தான் நம்பிக்கை இருக்கும்?

8 நவம்பர், இரவு

காலையில் எழுதும்போது வேண்டாம் என்று விட்டதை எழுதிவிடுகிறேன். அந்தக் கனடாத் திட்டத்துக்குப் பொறுப்பான மந்திரி யாழ்ப்பாணத்தில் பிறந்த ஹரி ஆனந்தசங்கரி. செப்டம்பரில் அவர் தன் வீட்டில் குடியிருப்பவரோடு தனியாகப் பேசியது பதிவாகி வெளியே வந்தது. இதன் நியாயத்தை என்னிடம் கேட்காதே என்கிற தோரணையில் பேசியிருந்தார். பிறகு, பேசியது சரியில்லை, திட்டத்தின் பக்கமே நிற்கிறேன் என்று விளக்கம் சொன்னார்.

நம்ம பிள்ளை அந்த நாற்காலிக்குப் போயிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பொறுப்பில் இருப்பவரே வீட்டுக்குள் ஒன்றும் மேடையில் ஒன்றும் பேசினால், துப்பாக்கியைக் கொண்டு வா என்று சொல்ல வாயில் பலம் இருக்காது.

10 நவம்பர்

"நம்ம நாட்டில் இதெல்லாம் நடந்ததே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்திருக்கிறது ஐயா. 80 வருஷம் ஆகிறது. அதன் விளைவை அனுபவித்த ஊரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்.

ஜப்பான்காரன் காலத்தில் காட்டுக்குள் இருந்து சண்டை போட்டது மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை. பிரிட்டிஷ்காரனே விமானத்தில் இருந்து அவர்களுக்கு ஆயுதம் போட்டான். யுத்தம் முடிந்ததும், 1945 டிசம்பரில், அந்தப் படையைக் கலைத்தார்கள். ஆயுதத்தை ஒப்படைத்து வெளியே வருகிற ஆளுக்கு 350 வெள்ளி, அதாவது மலாயா டாலர். அன்றைக்குத் தோட்டத்தில் பால்வெட்டுகிறவன் கண்ணால் பார்க்காத பணம். ஐயாயிரத்துக்கு மேல் ஆயுதங்கள் வந்து சேர்ந்தன. அணிவகுப்பு, பாண்டு வாத்தியம், பதக்கம் எல்லாம் நடந்தது.

ஆனால் காட்டுக்குள் எவ்வளவு இருந்தது என்று வாங்கினவனிடம் சரியான கணக்கு இல்லை. அந்தப் படையை நடத்திய மலாயா கம்யூனிஸ்ட் கட்சி ஒரு பகுதியைக் கொடுத்தது, ஒரு பகுதியைப் புதைத்து வைத்தது. 1948 ஜூன் 16 காலையில் எங்க ஊர்ப் பக்கம் எல்ஃபில் தோட்டத்திலும் ஃபின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம். காட்டுக்குப் போனவர்கள் புதைத்ததைத் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷம் ஓடியது அந்தச் சண்டை.

என் தாத்தா அப்போது கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டிக்கொண்டிருந்தார். பட்டாளத்துக்காரர்கள் ஆற்றோரம் ஒரு மேட்டைத் தோண்டியபோது தோட்டத்து ஆட்களைத்தான் மண்வெட்டியோடு கூட்டிப் போனார்களாம். உள்ளே ரப்பர் ஷீட்டில் சுற்றி, கிரீஸ் பூசி, தென்னை நாரால் கட்டிய நீளமான பொட்டலங்கள். எங்க தோட்டத்திலேயே காய்ச்சிய ஷீட், அதில் தோட்டத்து முத்திரை இருந்தது என்பார் தாத்தா. எடுத்துக் கொடுத்தது யார் என்று அதற்குப் பிறகு நடந்த விசாரணையில் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒரு வீடு பாக்கி இல்லை. பின்னாலே லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, அரிசிக்கு அளவு, வாசலில் சோதனை.

350 வெள்ளி கொடுத்ததைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. எத்தனை பாக்கி என்று கேட்காமல் அணிவகுப்பு நடத்தியதுதான் எனக்கு உறுத்துகிறது. இன்றைக்கும் எந்த அரசாங்கமும் "இத்தனை ஆயிரம் வாங்கினோம்" என்று மேசைமேல் குவித்துப் படம் பிடித்தால் எனக்கு அந்த ஆற்றோர மேடுதான் ஞாபகம் வரும்.

11 நவம்பர்

"அது போர்க்காலம், வீட்டுத் துப்பாக்கியோடு சேர்த்துப் பேசக்கூடாது" என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். பணத்துக்கும் ஆயுதத்துக்கும் நடுவில் இருக்கிற பயம் ஒன்றுதான். நாளைக்கு நிலைமை மாறினால் என் கையில் என்ன இருக்கும் என்ற பயம். 1987இல் யாழ்ப்பாணத்தில் புலிகள் ஆயுதம் ஒப்படைத்தபோதும் அந்தப் பயம்தான் இருந்தது, எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு வைத்துக்கொண்டார்கள் என்பது இந்த இழையில் எல்லாருக்கும் தெரியும். இந்தோனேசியாவின் அச்சேயில் 2005இல் கிளர்ச்சிக்காரர்களோடு அமைதி ஒப்பந்தம் போட்டபோது வேறு மாதிரி. ஒப்பந்தத்திலேயே 840 ஆயுதம் என்று எண்ணை எழுதிவிட்டார்கள். ஐரோப்பிய, ஆசியான் பார்வையாளர்கள் முன்னால் எண்ணி அறுத்தார்கள். எண் எழுதியிருந்ததால் இரண்டு பக்கமும் நம்ப முடிந்தது.

13 நவம்பர்

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த வீடு எங்களுடையது. அதைச் சொல்லாமல் பேசுவது சரியாகாது.

அப்பா தோட்டத்தை விட்டு வந்து சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை போட்டார். கன்று நட்ட இரண்டாம் மாதமே காட்டுப்பன்றி. ராத்திரியில் வந்து குருத்தைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகும், காலையில் வரிசையாகக் கன்றுகள் சாய்ந்து கிடக்கும். அதற்காக வாங்கியதுதான் ஒற்றைக் குழல் செனாப்பாங் பாத்தா, நடுவில் மடிகிற ரகம். பிடியில் மரம் வெடித்த இடத்தில் செப்புக் கம்பி சுற்றியிருந்தார். வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். புதுத் தோட்டா வாங்கினால் சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பார். எங்களைத் தொட விடமாட்டார்.

அப்பா போனபின் அதை பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, கொண்டுபோனேன். 12-போர் என்கிற அளவுத் தோட்டாக்களைக் கார்ப்பரல் ஒவ்வொன்றாக மேசையில் நிற்க வைத்தார். அடிப்பித்தளையில் உள்ள எழுத்தைப் படித்தார், எண்ணினார், லைசென்ஸைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். குழலுக்கு அடியில் தேய்ந்துபோன எண்ணைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்துப் பெரிய புத்தகத்தில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டார். பணம் ஒரு காசு கிடையாது. அது எங்களுக்கு வருத்தம்தான், அப்பா அந்தக் காலத்தில் நிறையக் கொடுத்து வாங்கினது. ஆனால் வெளியே வந்தபோது மனசில் சந்தேகம் இல்லை. என் அப்பாவிடம் என்ன இருந்தது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நான் கொடுத்தது குறையவில்லை என்று எனக்கும் தெரிந்தது.

ஆஸ்திரேலியா திட்டத்தைப் பாராட்டுகிறவர்கள் 650,000 என்ற எண்ணைப் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது பதிவேடு.

15 நவம்பர்

நியூசிலாந்தைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு.

2019 மார்ச் 15, கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு மாதத்துக்குள் சட்டம். ஜூலையில் இருந்து டிசம்பர் 20 வரை திருப்பி வாங்கினார்கள். 56,000க்கு மேல் வந்தன, ஈட்டுத்தொகை மட்டும் நூறு மில்லியன் நியூசிலாந்து டாலருக்கு மேல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்டில் அந்த ரகம் எத்தனை இருந்தது? முன்கூட்டிப் போட்ட மதிப்பீடு 55,000 என்று தொடங்கி 240,000 வரை போனது. முதல் எண் சரி என்றால் வேலை முழுக்க முடிந்தது. இரண்டாவது சரி என்றால் முக்கால்வாசி வெளியே இருக்கிறது. அந்நாட்டுத் தலைமைக் கணக்காய்வாளரே 2020இல் இதைத்தான் எழுதினார்: மொத்தம் தெரியாததால் திட்டம் எவ்வளவு பலித்தது என்று சொல்ல முடியாது. லைசென்ஸ் ஆளுக்குத்தான் இருந்தது, துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் பதிவு இல்லை. பதிவேடு 2023இல்தான் திறந்தது.

அதோடு இன்னொரு அடி. 2019 டிசம்பரில், கொடுக்க வருகிறவர்கள் விவரம் எழுதும் இணையப் பக்கத்தில் மற்றவர்களுடைய விவரம் தெரிகிற கோளாறு. யார் வீட்டில் என்ன துப்பாக்கி என்ற பட்டியல் திருடன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தை மூடினார்கள். ஆனால் "அரசாங்கத்திடம் பேர் கொடுக்காதே" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிட நல்ல ஆதாரம் யாரும் கொடுத்திருக்க முடியாது. அவர்களைப் பைத்தியம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

16 நவம்பர்

நியூயார்க் மாநிலத்தில், யூட்டிக்கா ஊரில், 2022இல் ஒருவர் 3டி பிரிண்டரில் அச்சிட்ட துப்பாக்கிப் பாகங்களை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுத்து 21,000 டாலர் பரிசு அட்டை வாங்கிக்கொண்டார். பிறகு விதியை மாற்றினார்கள். வேறு சில இடங்களில் காவல்துறை "அழிக்க" அனுப்பிய துப்பாக்கியில் சட்டப்படி முக்கியமான ஒரு துண்டை மட்டும் நசுக்கிவிட்டு மற்ற பாகங்களை விற்றிருக்கிறார்கள், அது 2023இல் பத்திரிகையில் வந்தது. கொடுத்தவர்கள் எல்லாம் நல்ல எண்ணத்தில் கொடுத்தவர்கள். அவர்களுக்குச் செய்த துரோகம் அது, வேறு பேர் கிடையாது.

19 நவம்பர்

மூன்று நாளாக ஒரு விஷயம் மனசில் ஓடுகிறது. "தாத்தா காலத்துத் துருப்பிடித்த துப்பாக்கிதான் வரும், அதனால் பிரயோஜனம் இல்லை" என்று இந்த இழையில் பாதிப் பேர் எழுதிவிட்டீர்கள். மச்சான் சொன்னதும் அதேதான். கொள்ளைக்காரனை மட்டும் நினைத்தால் அது சரி. ஆனால் துப்பாக்கியால் சாகிறவர்கள் எல்லாரும் கொள்ளைக்காரனால் சாகவில்லை. அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில், அலமாரியில், சொந்தக்காரர் வைத்துவிட்டுப் போன துப்பாக்கி.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம்மிடம் துப்பாக்கி கிடையாது, புல்லுக்கு அடிக்கிற மருந்து இருந்தது. என் அம்மா முதுகில் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு மருந்தடித்தவர். பாராகுவாட் கேன் ஸ்டோரில் இருக்கும், சில வீட்டுக் கொல்லையிலும் இருக்கும். எங்க லயத்திலேயே எத்தனை வீட்டில் இழவு. புருஷன் பெண்சாதி சண்டை, பரீட்சை, கடன். ஒரு மணி நேரம் கழித்து ஆள் மனசு மாறி "என்னைக் காப்பாத்துங்க" என்று அழுதாலும் அந்த மருந்து விடாது. எங்க வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த அக்கா அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அழுதது, என் அம்மா கூடப் போனார், கடைசி வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மருந்துக்கு 2020 ஜனவரி 1 முதல் நம்ம நாட்டில் தடை. இலங்கையில் 1995இல் இருந்து கொடிய விஷங்களை ஒவ்வொன்றாக விலக்கினார்கள், தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. சண்டையும் கடனும் அங்கே தீர்ந்துபோகவில்லை. எட்டும் தூரத்தில் அந்தச் சாமான் இல்லாமல் போனது.

ஆஸ்திரேலியாவில் துப்பாக்கித் தற்கொலை 1996க்கு முன்பே குறைந்துகொண்டிருந்தது, பிறகு இன்னும் வேகமாகக் குறைந்தது. இதில் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். தாத்தாவின் துப்பாக்கியைக் கேலி செய்வதை மட்டும் நாம் நிறுத்த வேண்டும். ஒரு வீட்டில் சும்மா கிடப்பதுதான் அந்த வீட்டுப் பிள்ளையின் கையில் முதலில் கிடைக்கும்.

(இதைப் படிக்கிற யாருக்காவது மனசு அப்படிப் போனால், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் இணையத்தில் இருக்கிறது. கூப்பிடுங்கள். இங்கே எழுதினாலும் நான் பதில் போடுகிறேன்.)

22 நவம்பர்

இப்போது நம்ம நாடு. தாய்லாந்து எல்லை வழியாக வருகிற கள்ளத் துப்பாக்கியைக் காசு கொடுத்து வாங்கலாமே என்ற யோசனை.

யார் கொண்டு வருவார்கள்? 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், அதற்கு மேல் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டம். சிறை, பிரம்படி, சில குற்றத்துக்குத் தூக்கு. கட்டாயத் தூக்கு 2023இல்தான் போனது. இந்தச் சட்டம் தலைக்குமேல் இருக்கும்போது, கண்டெடுத்த துப்பாக்கியைக்கூட பாலாய்க்குக் கொண்டுபோக ஜனங்கள் யோசிப்பார்கள்.

யோசிக்க நமக்குக் காரணமும் இருக்கிறது. எஸ்.ஏ. கணபதி. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1949இல் ரவாங் பக்கம் வாட்டர்ஃபால் தோட்டத்தருகே கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். கண்டெடுத்ததைப் போலீசில் ஒப்படைக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பது அவர் தரப்பு வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. நேரு அரசாங்கம் கருணை கேட்டது. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர் சொன்னது உண்மையா என்று இங்கே தர்க்கம் பண்ண வேண்டாம். துப்பாக்கியோடு பாலாய் பக்கம் நடந்தால் என்ன ஆகும் என்பதை நம்ம ஜனம் அன்றைக்கே படித்துக்கொண்டது. என் தாத்தா தலைமுறையில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

ஆகவே பணத்துக்கு முன்னால் வழி வேண்டும். கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வோம், வழக்குப் போடமாட்டோம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பிரேசில் 2004இல் அப்படிச் செய்தது. தேவாலயத்தில்கூடக் கொடுக்கலாம், பேர் கேட்கமாட்டார்கள். கொடுத்தவர் கண் முன்னால் சுத்தியலால் அடித்துக் கெடுத்துவிட்டுத்தான் உள்ளே வைப்பார்கள். நான்கு லட்சத்துக்கு மேல் வந்தன. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சுத்தியல்தான், வெளியே விற்றுவிடுவார்களோ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதே பிரேசிலில் 2005 அக்டோபரில் துப்பாக்கி விற்பனையைத் தடை செய்யலாமா என்று பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். ஏறக்குறைய 64 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கொடுக்கவும் செய்தார்கள், தடையும் வேண்டாம் என்றார்கள். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் இருப்பதை நானாகக் கொடுப்பது வேறு, திருடன் வந்தால் போலீஸ் வரும் என்று நம்புவது வேறு. இரண்டாவது நம்பிக்கையை யாரும் பணம் கொடுத்து வாங்க முடியாது, தினம் தினம் பாலாயில் நடந்துகொள்கிற விதத்தில்தான் அது வரும்.

23 நவம்பர்

போர்ட் ஆர்தருக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் ஒரே நேரத்தில் பலரைச் சுட்டுக் கொன்ற சம்பவமே நடக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியாகச் சொல்வோம். ஐந்து பேரையோ அதற்கு மேலோ சுட்டுக் கொன்ற சம்பவங்கள், போர்ட் ஆர்தரையும் சேர்த்து, அது வரைக்குமான 18 வருஷத்தில் 13. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. 2018இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு குடும்பத்துக்குள் ஏழு பேர் போனார்கள். நல்ல விஷயத்துக்காக வாதாடுகிறோம் என்று கணக்கைக் கூட்டிச் சொன்னால், எதிர்த்தரப்பு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் பொய் என்பான்.

அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்ட் அப்போது குண்டு துளைக்காத உடுப்புப் போட்டுக்கொண்டு விக்டோரியாவில் துப்பாக்கி வைத்திருப்போர் கூட்டத்தில் பேசியதும் உண்மை. சொந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற ஜனம் அது. அவர் அரசியல் எனக்குப் பிடித்ததில்லை. ஆனால் பிடிக்காத ஜனம் முன்னால் நேரே நின்று சொன்னார்.

29 நவம்பர்

மச்சான் பதில் அனுப்பியிருக்கிறார் என்று தம்பி எழுதியது: "கொடுக்கத்தான் போகிறேன், ஆனால் பணம் தீர்ந்துபோனால் நான் ஏமாந்தவன் ஆகிவிடுவேன். ஆல்பர்ட்டாவில் மாநில அரசே ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது, நான் மட்டும் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்?"

அவர் பயம் நியாயம். முதலில் வருகிறவருக்கு முதலில், பணம் உள்ளவரை என்று ஒரு அரசாங்கம் சொல்லக்கூடாது. சட்டப்படி வாங்கிய சாமானைச் சட்டம் போட்டு எடுத்தால் கடைசி ஆளுக்கும் பணம் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியா வரியை முதலில் ஏற்றியது அதற்காகத்தான். மச்சான் கொடுக்கும்போது துப்பாக்கி எண் போட்ட ரசீது கேட்கட்டும், எங்கே எப்போது உடைக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்கட்டும். தராவிட்டால் தன் தொகுதி எம்பிக்கு எழுதட்டும்.

இங்கே இருப்பவர்களுக்கு: அப்பா, மாமா விட்டுப்போன செனாப்பாங் வீட்டில் இருந்தால் லைசென்ஸும் இறப்புச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு முதலில் பாலாய்க்குப் போய்ச் சொல்லுங்கள், அவர்கள் சொன்ன பிறகு கொண்டுபோங்கள். தள்ளிப்போடாதீர்கள், லைசென்ஸ் அப்பா பேரில்தான் இருக்கிறது.

1945இல் 350 வெள்ளி வாங்கிய ஆட்களைத் தெரிந்த குடும்பம் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் எழுதுங்கள். அந்தப் பணத்தை வைத்து என்ன செய்தார்கள், 1948இல் அவர்கள் கதி என்ன ஆனது என்று எனக்குத் தெரிய வேண்டும்.